உலக்கைப் பாலையும் ஊமைப் பாச்சையும்

கடலூரில் என்னோடு வேலை பார்த்த ஒருவருக்குப் போன மாதம் பணி நிறைவு விழா. ஓய்வுக்குப் பிறகு நான் குடியிருக்கிற சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்துப் போயிருந்தேன். மாலை, சால்வை, கேசரி, மிக்சர் எல்லாம் வழக்கம்போல நடந்தன. பேசுகிறவர்கள் பேசி முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்து வன அலுவலக வராந்தாவில் நடந்தேன்.

சுவரில் பளபளவென்று ஒரு புதிய சுவரொட்டி. 'அழிந்துவரும் நம் மரம்: உலக்கைப் பாலை' என்று மேலே பெரிய எழுத்து, கீழே மரத்தின் வண்ணப்படம். அதற்குப் பக்கத்திலேயே பூச்சி மருந்து அடிக்கிற யாரோ தன் விளம்பரத்தையும் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். 'கரப்பான், கரையான், பாச்சை: ஒரே நாளில் ஒழிப்போம்.' எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இளம் வனவர்கள் இரண்டு பேர் தட்டோடு அங்கே நின்றிருந்தார்கள். "என்னா மேடம், தனியா சிரிக்கிறீங்க?" என்றாள் ஒருத்தி.

"ஒண்ணக் காப்பாத்தச் சொல்றீங்க. பக்கத்துலயே அதுக்குப் பிரசவம் பாத்தவள ஒழிக்கச் சொல்றீங்க. சிரிக்காம என்ன பண்ணுவேன்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாலைக்கும் பாச்சைக்கும் என்னா மேடம் சம்பந்தம்?" என்று கேட்டான் மற்றவன். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குழுப் படம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுதி அனுப்புங்கள் என்றார்கள். எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம் பக்கம். விவசாயக் குடும்பம். அப்பா என்னை டீச்சராக்க நினைத்தார், நான் வனக்காப்பாளர் தேர்வு எழுதிவிட்டேன். பயிற்சியில் ஓடச் சொன்னார்கள், சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், வெயிலில் விறைப்பாக நிற்கச் சொன்னார்கள். நின்றேன். முதல் சில வருடங்கள் பிச்சாவரம் பக்கம், சேற்றிலும் படகிலும் போயின. 'பொம்பள கார்டு' என்று கேலி செய்தவர்கள் பிறகு என்னைப் பார்த்தால் பீடியை அணைத்தார்கள். பதவி உயர்வு வந்து வனவராகி, பண்ருட்டிச் சாலையில் இருந்த நாற்றங்காலுக்குப் பொறுப்பாக வந்தேன். நான் சொல்ல வந்த கதை இங்கேதான் தொடங்குகிறது.

அப்போது எங்கள் ரேஞ்சர் குமாரசாமி சார். ஒல்லியான மனிதர், சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. காவலர் முதல் கலெக்டர் வரை எல்லோருக்கும் அவரிடம் 'நீங்க'தான். என்ன தகவல் கொண்டுபோனாலும் ஒரே கேள்வி கேட்பார்: "பாத்தீங்களா, கேட்டீங்களா?" கேட்டேன் என்றால், "சரி, பாத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். திட்டுவதைவிட அது மோசம். மரத்தின் சுற்றளவு எடுக்கும்போது நாடாவை அவரே பிடிப்பார். தரை மேடு பள்ளமாக இருந்தால் மேட்டுப் பக்கம் நின்று, நெஞ்சு உயரத்தில், பட்டையில் ஒட்டியிருக்கிற கொடியை விலக்கிவிட்டு, நாடா முறுக்கில்லாமல் இருக்கிறதா என்று மரத்தை ஒரு சுற்று சுற்றி வருவார். அளவை நாம்தான் உரக்கப் படிக்க வேண்டும். அவர் திரும்பச் சொல்வார். அதற்குப் பிறகுதான் எழுதலாம். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு வருடத்தில் நானும் அப்படியே ஆகிவிட்டேன்.

பண்ருட்டிக்கும் கடலூருக்கும் நடுவே, முந்திரித் தோப்புகளுக்கு மத்தியில் ஓர் ஊர். அதன் ஓரத்தில் அம்மன் கோயில் காடு. அந்தக் காட்டில் மூன்று பாலை மரங்கள் நின்றன. உலக்கைக்கும் செக்குக்கும் என்று வெட்டி வெட்டியே எங்கள் பக்கம் பாலை தீர்ந்துபோயிருந்தது. சப்போட்டா ஒட்டுக் கட்டுகிறவர்கள் வெளியூர் விதையில் பாலை நாற்று வளர்ப்பார்கள், ஆனால் அதன் தலையைச் சீவி மேலே சப்போட்டாவைக் கட்டிவிடுவார்கள். பாலையைப் பாலையாகவே வளரவிட ஆளில்லை. ஒரு புயல் வருடத்தில் அந்த மூன்றில் இரண்டு விழுந்தன. மிச்சமிருந்த ஒன்றும் வேர் தெரியச் சாய்ந்து நின்றது.

குமாரசாமி சார் அந்த மரத்தடியில் வெகுநேரம் நின்றார். "இது போறதுக்குள்ள இதோட புள்ளைங்க நமக்கு வேணும். வெளியூர் விதை வேணாம். இந்த மண்ணுல நின்ன மரத்தோடதுதான் வேணும்" என்றார்.

கேட்க எளிதாக இருந்தது. ஆனால் அந்தக் காட்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எல்லைக் கல்லுக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும், அரிவாள் உள்ளே போகக் கூடாது, உள்ளே இருக்கிற எதுவும் வெளியே வரக் கூடாது. பழம், விதை, சுள்ளி, சருகு எதுவும். புயலில் விழுந்த இரண்டு மரங்களும் அங்கேயே மக்கிக் கிடந்தன. உலக்கைக்கு ஆசைப்பட்டுக்கூட ஒருவரும் தொடவில்லை.

பூசாரி ஏழுமலையிடம் போய்க் கேட்டோம். என்னைவிடச் சில வயது மூத்தவர், முந்திரி வியாபாரமும் பார்ப்பவர். மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்தார். விதை மட்டும் தர மாட்டேன் என்றார்.

"வனவரம்மா, நீங்க நல்லதுக்குத்தான் கேக்கறீங்க, எனக்குத் தெரியுது. ஆனா எங்க தாத்தன் காலத்துலேர்ந்து ஒரு சருகு வெளியில போனதில்ல. நானா தொறந்து வுட முடியும்?"

திரும்பி வரும்போது எங்கள் ஜீப் டிரைவர், "நாலு பழத்தப் பாக்கெட்டுல போட்டா யாருக்கு சார் தெரியும்?" என்றார். குமாரசாமி சார் வண்டியை நிறுத்தச் சொன்னார். "நமக்குத் தெரியும்" என்றார், அவ்வளவுதான். வண்டி கிளம்பியது. நாங்கள் அந்தக் காட்டிலிருந்து ஒரு விதைகூடத் திருடவில்லை. அதை நான் எங்கேயும் நிமிர்ந்து சொல்வேன்.

மறுபடியும் மறுபடியும் போனேன். வைகாசி வந்து மரம் பழுத்தது. மஞ்சள் மஞ்சளாகச் சின்னப் பழங்கள், தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும் பால். ஒருநாள் எல்லைக் கல்லுக்கு வெளியே ஏழுமலையோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "மேக்கிளையில பழமே இல்லையே, யார் பறிச்சா?" என்று கேட்டேன்.

"வவ்வாதான். ராவுல வந்து கவ்விக்கிட்டுப் போயிடும். அந்தச் செம்மண் மேட்டுல பொந்து இருக்குதில்ல, அங்க போயி தின்னும்."

"அதுங்க மட்டும் வெளியில எடுத்துட்டுப் போலாமா?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். "அதுங்கள யாரு கேக்கறது?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "வவ்வா தூக்கிட்டுப் போனது அம்மா குடுத்ததுதான். அத நீங்க எடுத்தா நான் கேக்க மாட்டேன்" என்றார். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

அந்த மேட்டில் ஒரு காலத்தில் செம்புறாங்கல் வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய இடம் உள்ளே குடைந்து போய் ஒரு குகையாகிவிட்டது. மறுநாள் பகலில் குமாரசாமி சாரும் நானும் மூக்கில் துணி கட்டி, கையுறை போட்டுக்கொண்டு உள்ளே போனோம். மேலே வவ்வால்கள் கிசுகிசுத்தன. காலடியில் மெத்தென்று எச்சம். டார்ச் வெளிச்சம் சுவரில் பட்டதும் நான் பின்வாங்கினேன். சுவர் முழுக்கப் பாச்சை, கரப்பான் இல்லை, ராத்திரியில் கத்துகிற சிள்வண்டு வகை. கூன் முதுகு, நூல் போல நீளமான மீசை, சிலந்தி மாதிரி கால். நாற்றங்காலில் இளங்குருத்தைக் கத்தரித்துப்போடுகிற பாச்சைகளோடு தினமும் சண்டை போடுகிறவள் நான். எனக்கு இந்த ஜாதியையே பிடிக்காது.

"சத்தமே இல்லையே, கவனிச்சீங்களா?" என்றார் சார். உண்மைதான். இத்தனை பாச்சை வீட்டில் இருந்தால் காது கிழிந்துவிடும். குனிந்து பார்த்தோம். இறக்கையே இல்லை. இறக்கையை உரசித்தான் பாச்சை கத்தும், இதற்கு உரச ஒன்றுமில்லை. ஊரில் இதை ஊமைப் பாச்சை என்பார்கள் என்று பிறகு தெரிந்தது. எந்தக் குகையிலும் பாழுங்கிணற்றிலும் இருக்கும், யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

தரையில் பாலைக் கொட்டைகள் கிடந்தன. சிலவற்றில் சதை அப்படியே ஒட்டியிருந்தது, அவற்றைச் சுற்றிப் பாச்சைகள் மொய்த்துக்கொண்டிருந்தன. மற்றவை பழுப்பு நிறத்தில் பளபளவென்று, எண்ணெய் தடவித் துடைத்து வைத்தது போல இருந்தன. நான் கொட்டைகளைப் பொறுக்கினேன். சார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாச்சை தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். போகலாமா என்று கேட்டால், "இருங்க, பாக்கறேன்" என்றார்.

நாற்றங்காலில் சதை ஒட்டிய கொட்டைகளை நான்தான் கழுவினேன். முதலில் மணலில் தேய்த்தேன், பிறகு சாம்பலில், கடைசியில் சாக்கில் போட்டு மிதித்தேன். பாலைப் பழத்தின் பிசின் அப்படி லேசில் போகாது. கை ஒட்டும், வாளி ஒட்டும். தண்ணீரில் போட்டு, மிதப்பதைக் கழித்து, முங்கியதை மட்டும் தாய்ப் பாத்தியில் விதைத்தேன். குகையில் பளபளத்த கொட்டைகளைக் கழுவாமலேயே பக்கத்துப் பாத்தியில் போடச் சொன்னார் சார். "ஒரே நாளு, ஒரே மண்ணு, ஒரே தண்ணி. பக்கத்துல பக்கத்துல போடுங்க. அப்பத்தான் ஒண்ணோட ஒண்ண ஒப்பிட முடியும்" என்றார்.

நான் கழுவிய பாத்தியில் வெள்ளையாகப் பூசணம்தான் முளைத்தது. பாச்சை சுத்தம் செய்த பாத்தியில் வாரக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் காலை மண் வெடித்திருந்தது. ஓடிப்போய் சாருக்குப் போன் செய்தேன். "பாத்தீங்களா, கேட்டீங்களா?" என்றார். "பாத்துக்கிட்டே பேசறேன் சார்" என்றேன். அன்று அவர் சிரித்ததைப் போனில் கேட்டேன்.

சதையில் ஒரு இழை மிச்சமிருந்தாலும் பூசணம் பிடித்து விதை அழுகிவிடுகிறது. அந்த இழையையும் விடாமல் தின்கிற பொறுமை எனக்கு இல்லை, பாச்சைக்கு இருந்தது. அடுத்த வருடமும் இரண்டு பாத்திகளையும் அப்படியே போட்டோம், அதே முடிவுதான். பைகளில் பாலைக் கன்றுகள் நிற்கத் தொடங்கின. வேகமாக வளராது, ஒரு இலை விடவே நாள் எடுத்துக்கொள்ளும். ஆனாலும் நின்றன.

மூன்றாவது பழப் பருவத்தில்தான் சோதனை வந்தது. சார் சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். மத்தியானம் ஏழுமலை போன் செய்தார். "வனவரம்மா, பொந்த மூடப் போறாங்க. ஜல்லி, சிமெண்ட்டு எல்லாம் வந்துடுச்சி. மருந்து அடிச்சிட்டு மூடறாங்களாம்" என்றார். குரலில் சங்கடம் தெரிந்தது. ஆனால் தடுக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை.

போனேன். மேட்டடியில் டிராக்டர் நின்றது. ஊராட்சித் தலைவர் செல்வராசு, ஏழுமலையின் மச்சான். கெட்டவரில்லை. அவர் சொன்னதிலும் தப்பில்லை.

"மேடம், டிவில வவ்வாலால நோய் வருதுன்னு காட்றான். புள்ளைங்க அந்தப் பொந்துல போயி வெளயாடுதுங்க. போன திருவிழாவுல பொங்கப் பானைக்குள்ள பாச்சை கெடந்துச்சி. அம்மனுக்குப் படைக்கறதுல பூச்சி வுழலாமா? தொந்தரவு ஜாஸ்தி ஆயிடுச்சி. ஆடி வர்றதுக்குள்ள மூடிடணும்."

என்னால் எதுவும் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். மேடு புறம்போக்கு, வனத்துறை நிலமில்லை. சட்டத்தில் அப்போது பழந்தின்னி வவ்வாலை எலியோடு சேர்த்து, கொல்லத் தடையில்லாத தீங்குயிர் என்றுதான் வைத்திருந்தார்கள். பாச்சைக்குச் சட்டத்தில் பெயரே கிடையாது. பாலை மரத்துக்கு அம்மன் இருந்தாள், ஊர் இருந்தது, நாங்கள் இருந்தோம். பாச்சைக்கு ஒரு நாதியும் இல்லை. ஆனால் அன்று குகையை மூடிவிட்டால், சாய்ந்து நிற்கிற மரத்தின் விதை வெளியே வர வேறு வழியே இல்லை. கையில் இருந்த கன்றுகள் ஒரு காட்டுக்குப் போதாது. மரம் விழுந்தால் அதோடு முடிந்தது.

சாருக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டார். "சட்டம் நம்ம கையில இல்ல. நாம சொல்லியும் கேக்க மாட்டாங்க. டிவில அவங்க கேட்டதே ஜாஸ்தி. பாக்க வைங்க" என்றார்.

நான் செல்வராசு பக்கம் திரும்பினேன். "தலைவரே, நாளைக்குக் காலையில எல்லாரும் நாத்தங்காலுக்கு வாங்க. வந்து பாருங்க. பாத்தப்பறம் மூடணும்னு சொன்னீங்கன்னா, மொதக் கல்ல நானே எடுத்து வைக்கறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, அன்று ராத்திரி டார்ச்சோடு இரண்டு தடவை போய்ப் பாத்திகளைப் பார்த்துவிட்டு வந்தேன். சீருடை போட்டவள் ஊர் முன்னால் வாக்குக் கொடுத்தால் அதைக் காப்பாற்றியாக வேண்டும். பார்த்த பிறகும் மூடத்தான் வேண்டும் என்றால், என் கையாலேயே மூட வேண்டியிருக்கும்.

வந்தார்கள். ஜல்லி இறக்காத அதே டிராக்டரில், ஜல்லியின் மேலேயே உட்கார்ந்து வந்தார்கள். ஏழுமலை, அவர் மனைவி அஞ்சலை, செல்வராசு, இன்னும் சில பேர். நான் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. இரண்டு பாத்திகளுக்கும் நடுவில் நிறுத்தினேன். போன பருவத்துப் பாத்திகள்தான், சார் சொல்லியிருந்தபடி இரண்டையும் கலைக்காமல் வைத்திருந்தேன். ஒன்று மொட்டையாகக் கிடந்தது. மற்றதில் கன்றுகள் நெருக்கமாக நின்றன.

"ரெண்டும் உங்க அம்மன் மரத்து விதைதான். இது நான் கழுவிப் போட்டது. அது ஊமைப் பாச்சை கழுவிப் போட்டது" என்றேன்.

செல்வராசு மொட்டைப் பாத்தியில் விரலை விட்டுக் கிளறி, அழுகிய கொட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார். அஞ்சலை கன்றுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப இதுங்க எல்லாம் நம்ம காட்டுப் புள்ளைங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"கெழவி சாஞ்சி நிக்கறாளே, இனிமே என்னா இருக்குதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றவர், கணவரை நிமிர்ந்து பார்த்தார். "இங்க இவ்ளோ புள்ளைங்கள வெச்சிக்கிட்டு, பிரசவம் பாக்கறவ வூட்டுக்கு சிமெண்ட்டு போடறத நீ பாத்துக்கிட்டு நிக்கப் போறியா?"

பிரசவம் என்ற வார்த்தை அஞ்சலையினுடையது. அன்று முதல் நான் அதைக் கடன் வாங்கிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஏழுமலை தொண்டையைச் செருமினார். "பானைய மூடி வெச்சா பாச்சை வுழாது. சமைக்கற எடத்தக் கெழக்கால மாத்திக்கலாம். பொந்து வாயில முள்ளு வெச்சி அடைச்சா புள்ளைங்க போவாது, வவ்வா போவும்" என்றார். எல்லாவற்றையும் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்த மாதிரி இருந்தது.

"மச்சான், அப்ப ஜல்லிய என்னா பண்றது?" என்றார் செல்வராசு.

"கோயிலுக்கு வர்ற பாதையில கொட்டு. மழையில சேறா கெடக்குது."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் கண் கலங்கியது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வருட மழைக்காலத்தில் தாய் மரம் விழுந்தது. காற்றுகூடப் பெரிதாக இல்லை, ஈரத்தில் வேர் பிடியை விட்டுவிட்டது. மற்ற இரண்டைப் போலவே அதுவும் அங்கேயே கிடக்கிறது. கன்றுகளை அந்தக் காட்டுக்குள் கொண்டுபோய் நடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். உள்ளே இருப்பது வெளியே வரக் கூடாது என்றால், வெளியே இருப்பது உள்ளே போகலாமா என்பது எனக்குத் தெரியவில்லை.

"அம்மா வூட்டுக்கு வர்ற பொண்ணுக்கு யாராவது கதவச் சாத்துவாங்களா?" என்றார் ஏழுமலை. கடப்பாரை உள்ளே வரக் கூடாது என்பதால் மரக் குச்சியாலேயே குழி தோண்டினோம். முதல் கன்றைக் குமாரசாமி சார் நட்டார். அவர் ஓய்வு பெற்று அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. வெறுங்காலோடு நின்று, கன்றின் உயரத்தை அளந்து, உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். திரும்பச் சொன்னார்.

என் பணிக்காலத்தில் பாராட்டுச் சான்றிதழ்கள் வாங்கியிருக்கிறேன். மரக் கடத்தல் பிடித்திருக்கிறேன். ஆனால் என்ன சாதித்தாய் என்று யாராவது கேட்டால், அந்தக் காட்டைத்தான் சொல்வேன். எனக்கு அதில் கர்வம் உண்டு. மறைக்க மாட்டேன்.

இந்தக் கட்டுரையைப் பாதி எழுதி வைத்திருந்தபோது, போன வாரம் ஏழுமலை போன் செய்தார். இப்போது அவருக்கு மூட்டு வலி, அதிகம் நடப்பதில்லை.

"வனவரம்மா, பொந்துக்குப் போயிருந்தேன்."

"இந்தக் காலோட எதுக்குப் போனீங்க?"

"முள்ளு சரிஞ்சி கெடந்துச்சி, சரி பண்ணலாம்னு போனேன். உள்ள பாலக் கொட்ட கெடக்குது."

தாய் மரம் விழுந்ததிலிருந்து அந்தக் குகையில் பாலை விதையே கிடையாது. வவ்வால்கள் அத்தியும் நாவலும் கொண்டுவந்தன, பாச்சைகள் அதைத் தின்று உயிர் வைத்திருந்தன. நாங்கள் நட்டவை இன்னும் பூக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"பாத்தீங்களா, கேட்டீங்களா?" என்றேன், என்னை அறியாமல்.

"கையில வெச்சிக்கிட்டு நிக்கறேன்மா. தொடச்சி வெச்ச மாதிரி இருக்குது."

மறுநாள் சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன். முள்ளை விலக்கி, மூக்கில் துணி கட்டி உள்ளே போனேன். கிடந்தன. பழுப்பாக, பளபளவென்று. காட்டில் எந்தக் கன்று முதலில் பூத்தது, எப்போது காய்த்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எங்களைக் கேட்காமலேயே மரம் பழுத்து, வவ்வால் தூக்கிவந்து, பாச்சை தின்று முடித்திருந்தது. ஒன்றை எடுக்கக் குனிந்தேன். சுவரில் ஊன்றிய என் கையின் மேல் ஒரு ஊமைப் பாச்சை ஏறி, நீள மீசையால் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தது.

நான் தட்டிவிடவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் சீருடை போட்டு எத்தனையோ அதிகாரிகளுக்கு முன்னால் விறைப்பாக நின்றிருக்கிறேன். அது இறங்கிப் போகிறவரை, அன்றும் அப்படியே நின்றேன்.